ரெமிஜியஸின் இருபத்திரண்டு நிமிஷம்

லிங்கராஜபுரத்தில் ரெமிஜியஸ் என்று கேட்டால் இரண்டு பேரைக் காட்டுவார்கள். ஒருவர் பேக்கரிக்காரர், அவரை விட்டுவிடுவோம். நம் ஆள் மற்றவன். வயது நாற்பத்து மூன்று, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, கோயில் பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுகிறவன். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருநாள், "என்ன வேலை பாக்கறீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். "காத்திருக்கற வேலை, ஃபாதர்," என்றான். சாமியார் என்ன நினைத்துக்கொண்டாரோ, அடுத்த ஞாயிறு பூசையில் 'வேலையின்றித் தவிக்கும் சகோதரர் ரெமிஜியஸுக்காக' என்று தனி மன்றாட்டே வைத்துவிட்டார். அக்கா பவுலின் வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பில் குக்கர் விசில் எத்தனை என்று எண்ண மறந்துபோய் சோறு குழைந்துவிட்டது.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பெனிகளில் சர்வர் என்று ஒன்றைப் பூட்டிய அறைக்குள் ஏசி போட்டு வைத்திருப்பார்கள் அல்லவா? கம்பெனியின் மொத்த உயிரும் அதற்குள்தான். அது மக்கர் செய்தால் வந்து பிரித்து, பாகத்தை மாற்றி, மறுபடி எழுப்பிவிட்டுப் போவது ரெமிஜியஸின் தொழில். பிரித்து மாட்டுவது பத்து நிமிஷ வேலை. எழுப்புவதுதான் பெரும்பாடு. வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி பட்டனைத் தட்டியதும் அது விழித்துக்கொள்ளாது. முதலில் ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து ஓவென்று அலறும். அப்புறம் திரை கறுத்துப்போய்க் கிடக்கும். உள்ளே அது தன் மெமரியைத் துண்டு துண்டாக எடுத்துச் சரிபார்க்கும், டிஸ்க்குகளை எண்ணும், ஒவ்வொரு கார்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வந்திருக்கிறாயா என்று கேட்கும். வெளியே நிற்கிறவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஏழு நிமிஷத்தில் எழுந்தால் அது நல்ல சர்வர். அரைமணி எடுத்துக்கொள்கிறவையும் உண்டு.

மனுஷனுடைய குணம் தெரிய வேண்டுமானால் அவனைக் கறுத்த திரைக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பான் ரெமிஜியஸ். லட்ச ரூபாய்ச் சம்பளக்காரர்கள் நகம் கடிப்பதைப் பார்த்திருக்கிறான். ஒருத்தர் திருப்பதிக்கு முடி நேர்ந்துகொண்டதைக் காதாலேயே கேட்டிருக்கிறான். எப்படியும் நாலாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் பொறுக்க முடியாமல் பவர் பட்டனை அழுத்திவிடுவார். அவ்வளவுதான், எல்லாம் முதலிலிருந்து. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மூன்று மணி நேரம் இப்படி அழுத்தி அழுத்தி, கடைசியில் சர்வர் செத்துவிட்டது என்று அழாத குறையாகப் போன் செய்தார்கள். இவன் போய்ச் செய்த ரிப்பேர் ஒன்றே ஒன்று. எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அவர்கள் திரும்பி வந்தபோது சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

பொறுமை நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் எல்லாவற்றிலுமா? இருபத்தெட்டு வயதில் இவனுக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண் வீட்டில் சம்மதம். இவனுக்கும் பிடித்திருந்தது. "யோசிச்சிச் சொல்றேன்," என்றான். இவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கும் வேறொருவனுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள். முப்பத்தொன்றில் இன்னொரு இடம். அங்கே சரி என்று சொல்ல இவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போன அன்று, அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தான். "ஆண்டவர் ஒனக்கு நாக்கு வெச்சாரு, நெஞ்சு வெச்சாரு, அழுத்தி எழுப்பிவிட ஒரு பட்டன் வெச்சாராடா?" என்று பவுலின் அன்றைக்கு ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.

இப்படிப்பட்டவன் வாழ்க்கையில் சங்கமித்ரா வந்தது நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு விஜயதசமியன்று.

மர்பி டவுனில் ஒரு காப்பித்தூள் கம்பெனி இருக்கிறது. ஊர் முழுக்க நாற்பது கடை, எல்லாவற்றுக்கும் பில் போடுவது, சரக்கு அனுப்புவது எல்லாம் தலைமை ஆபீஸ் மாடியில் இருக்கும் ஒரே சர்வரின் வேலை. கீழே கொட்டை வறுப்பார்கள். படியேறும்போதே பாதித் தூக்கம் போய்விடும். பழைய சர்வரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்க ரெமிஜியஸ் போயிருந்தான். மேனேஜர் கோதண்டராமன் நெற்றி நிறைய விபூதியோடு காத்திருந்தார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் புது சர்வர் ஓடியாக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ரெமிஜியஸ் பட்டனை அழுத்தியபோது மணி பத்து ஐந்து.

புது மெஷின், முதல் தடவை; சாவகாசமாகத்தான் எழும். பத்து இருபதுக்கும் திரை கறுப்பு. கோதண்டராமன் கையில் தேங்காய், முகத்தில் வியர்வை. "என்னப்பா இது, அசையவே மாட்டேங்குது?" என்றபடி தேங்காயை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையைப் பவர் பட்டனை நோக்கி நீட்டினார். ரெமிஜியஸ் வாயைத் திறப்பதற்குள் குறுக்கே ஒரு கை வந்து பட்டனை மூடிக்கொண்டது.

"கை வெக்காதீங்க சார். வெச்சீங்கன்னா மறுபடி மொதல்லேர்ந்து வரும். அப்புறம் கண்டிப்பா ராகு காலந்தான்."

ரெமிஜியஸ் திரும்பிப் பார்த்தான். இளநீலச் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. சங்கமித்ரா, சிஸ்டம் அட்மின் என்று போட்டிருந்தது.

"ஒங்களுக்கு எப்டிங்க தெரியும்?" என்றான்.

"மேனுவல்ல போட்டிருக்காங்களே. நூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"மேனுவல் படிச்சீங்களா?"

"முழுசும் படிச்சேன். நான் டெய்லி கேஜிஎஃப்லேர்ந்து வர்றேங்க. போவ வர அஞ்சு மணி நேரம் ரயில்ல. வேற இன்னா பண்றது?"

அவன் தொழிலில் மேனுவல் படித்த கஸ்டமர் ஒருத்தரைக்கூடக் கண்டதில்லை. மேனுவலை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தவர்களைக் கண்டிருக்கிறான். அந்த இடத்திலேயே விழுந்தான், எழவே இல்லை. பத்து இருபத்தெட்டுக்கு சர்வர் எழுந்தது. கோதண்டராமன் ஓடிப்போய் வாசலில் தேங்காய் உடைத்தார். சங்கமித்ரா சர்வரின் நெற்றியில், அதாவது மேல்மூலையில், ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். அதன் பிறகு ரெமிஜியஸ் செட்டிங்கில் உட்கார்ந்து முழு மெமரி டெஸ்ட்டை நிறுத்தி, தேவையில்லாததை எல்லாம் அடைத்து, இன்னொரு தடவை எழுப்பிக் காட்டினான். ஏழே நிமிஷம். எல்லாருக்கும் காப்பி வந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல், ஆபீஸ் மூடி, கடைகளும் மதியத்துக்குச் சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்து, சர்வருக்கு அப்டேட் போட அவன் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்டேட் போட்டால் இரண்டு தடவை அதை நிறுத்தி எழுப்ப வேண்டும். அந்த டிசம்பரில் அப்படி முதல் தடவையாக வந்தான். ஏழு நிமிஷத்தில் எழ வேண்டியது எழவில்லை. பத்தாயிற்று, பதினைந்தாயிற்று, இருபத்திரண்டாவது நிமிஷத்தில்தான் எழுந்தது.

இங்கே ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். இத்தனை வருஷ அனுபவக்காரனுக்கு இதில் சந்தேகம் வராதா? மற்ற இடங்களில் ஏழு நிமிஷம் எட்டானாலே மூக்கை நுழைத்து ஏன் எதற்கு என்று பார்க்கிறவன், இங்கே மட்டும் எப்படிச் சும்மா இருந்தான்? இருந்தான், அவ்வளவுதான். "இன்னிக்கி லேட்டாவும் போலக்கீதே," என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே. "ஆவட்டுமே," என்றான் இவன். பெரிய மெஷின், மெமரி ஜாஸ்தி, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உள்ளே போய்ப் பார்த்தால் சரிசெய்ய வேண்டியிருக்கும். சரிசெய்தால் ஏழு நிமிஷமாகிவிடும். பார்க்க மனசு வரவில்லை, அதுதான் நிஜம்.

ஆக, சர்வர் ரூம் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு டம்ளர் காப்பி, ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு இருபத்திரண்டு நிமிஷம். நாலு வருஷமாக அவர்கள் பேசியது அவ்வளவும் இந்தக் கணக்குக்குள்தான். அவள் ரயில் கதைகள் சொல்வாள். தூங்குகிறவர் தோளில் சாய்ந்து தூங்குகிறவர், அவர் தோளில் சாய்ந்து தூங்குகிறவர் என்று ஒரு பெட்டியே பங்காரப்பேட்டை வரை சாய்ந்து வந்த கதை. சீட்டுக்குக் கைக்குட்டை போட்டுவைக்கும் ஓர் அம்மாவுக்கும் டிபன் பாக்ஸ் போட்டுவைக்கும் இன்னோர் அம்மாவுக்கும் நடந்த சண்டை. இவன் பாட்டுக்குழுவில் நடக்கும் கூத்துகளைச் சொல்வான். கதை பாதியில் இருக்கும்போது திரையில் லாகின் வந்துவிடும். எழுந்து வேலையைப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் கழித்து, வந்ததும் வராததுமாக, "அப்புறம் அந்தக் கர்ச்சீப்பு அம்மா இன்னா பண்ணாங்க?" என்று இவன் கேட்பான். அவளும் யாரென்று கேட்காமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றும் ஒரு சனிக்கிழமை பேச்சு வந்தது. "தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்னு இருந்தேன். முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, கேக்கறதுக்கு யாரும் இல்ல," என்று சிரித்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது. கேட்க யாரும் இல்லையா? பக்கத்து நாற்காலியில் காப்பி டம்ளரோடு ஆறடி மனுஷன் உட்கார்ந்திருக்கிறானே! ஆனால் அந்த மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? கேட்க வேண்டியதை வாய் வரைக்கும் கொண்டுவந்து, அதை மென்று விழுங்கி, "காப்பி இன்னிக்கி நல்லாக்கீது," என்றான். காப்பிக் கம்பெனியில் காப்பி நல்லாயிராமல் வேறென்ன செய்யும்!

ஒவ்வொரு முறையும் இப்படித்தான். வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு கிளம்புவான். இருபதாவது நிமிஷத்தில் தொண்டையைச் செருமுவான். இருபத்திரண்டில் லாகின் வந்துவிடும். அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறது என்று நினைப்பான்.

போகிற நாளும் வந்தது.

போன ஜூன் மாதம், அவன் அப்டேட் போட்டுவிட்டுப் போன மறு திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு மர்பி டவுனில் கரண்ட் போயிற்று. யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் நின்று, திரும்ப எழுந்திருக்க இருபத்திரண்டு நிமிஷம் பிடித்தது. நாற்பது கடையிலும் பில் போட முடியாமல் சனம் வரிசையில் நின்று கத்தியது. சங்கமித்ரா அன்றைக்குக் காய்ச்சலில் லீவு. முதலாளி கோதண்டராமனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். செவ்வாயன்றே கோதண்டராமன் சர்வரின் செட்டிங் பாஸ்வேர்டை மாற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ரெமிஜியஸுக்குப் போன் செய்தார்.

"சனிக்கிழமை வாப்பா. ஏன் இவ்வளவு நேரம் ஆகுதுன்னு எனக்குக் காரணம் வேணும். சரியா வரலேன்னா இந்த சர்வரையே தூக்கிடலாம், எல்லாத்தையும் வாடகைக்கு கிளவுட்ல வெச்சுக்கலாம்னு முதலாளி சொல்லிட்டார். அப்படி ஆச்சுன்னா சங்கமித்ராவும் வீட்லேர்ந்தே வேலை பாத்துக்கலாம், பாவம், அந்த ரயில்ல அலையறது மிச்சம்."

சர்வரைத் தூக்கிவிட்டால் இவனுக்கு அந்த ஆபீஸில் வேலையே இல்லை. அவளும் அங்கே இருக்கமாட்டாள். சரிசெய்துவிட்டாலோ ஏழு நிமிஷம். ஏழு நிமிஷத்தில் இவன் தொண்டையைச் செருமிக்கூட முடிக்கமாட்டான். எப்படிப் பார்த்தாலும் கேட்பதற்கு இருப்பது இந்த ஒரு சனிக்கிழமைதான். பவுலினிடம் சொன்னான். "இந்த வாட்டி வாயத் தொறக்கலன்னா வீட்டுக்கு வராத, சொல்லிட்டேன்," என்றாள் அவள். சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தான். சங்கமித்ரா இருந்தாள், காய்ச்சல் விட்ட முகம், இவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார். கேட்க வந்தவன் எங்கே கேட்பான்!

சர்வரை நிறுத்தி எழுப்பினான். வெளியாள் செட்டிங்குக்குள் போக ஒரு வழிதான் உண்டு. எழும்பும்போது நடுவில் சில நொடிகள், எஃப் டூ பட்டனை அழுத்து என்று திரையில் ஒரு வரி வரும். அப்போது அழுத்தினால் உண்டு, தவறினால் முழுசாக எழும்வரை இருந்து, மறுபடி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. ரெமிஜியஸ் விரலை எஃப் டூவின் மேல் வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தான். பதினைந்தாவது நிமிஷம், அந்த வரி வரப்போகிற நேரம் பார்த்துக் கோதண்டராமன், "ஏம்ப்பா ரெமிஜியஸ், இந்த ரேம் ரேம்னு சொல்றாங்களே, அதுன்னா என்ன?" என்றார். மரியாதைக்கு அவர் பக்கம் திரும்பினான். திரும்பிப் பார்த்தால் வரி போய்விட்டது.

ஆக, இன்னோர் இருபத்திரண்டு நிமிஷம். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரெமிஜியஸ் கோதண்டராமனின் வயிற்றைத் தாண்டி அவளை எட்டிப் பார்த்தான். அவள் துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளை இப்படி அவன் பார்த்ததே இல்லை.

இரண்டாவது தடவை வரி வந்தது, அழுத்தினான். கோதண்டராமன் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, யாரிடமிருந்தோ வந்த போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். ரெமிஜியஸ் செட்டிங்கைப் பார்த்தான். முழு மெமரி டெஸ்ட்: ஆன். தானே தன் கையால் அணைத்தது. நாலு வருஷமாகப் பார்க்காமல் விட்ட இடம் இதுதான். யார் போட்டார்கள்? எந்தச் செட்டிங்கை யார், எப்போது மாற்றினாலும், அட்மின் சர்வரை நிறுத்தாமல் தன் சீட்டிலிருந்தே மாற்றி வைத்தாலும்கூட, சர்வர் தன் லாகில் எழுதி வைத்துக்கொள்ளும். லாகைத் திறந்தான்.

ஜூன், வெள்ளி, மாலை 4.40. மெமரி டெஸ்ட் ஆன். சங்கமித்ரா.

ஏப்ரல், திங்கள், காலை 9.35. மெமரி டெஸ்ட் ஆஃப். சங்கமித்ரா.

கீழே இறங்கினான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளி, ஒரு திங்கள். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளி, ஒரு திங்கள். நாலு வருஷம் முழுக்க, அவன் வந்த ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் முதல்நாள் ஆன், அவன் போன பிறகு ஆஃப். மற்ற நாளெல்லாம் அந்த சர்வர் ஏழு நிமிஷத்துச் சமர்த்து. இவன் வருகிற நாளில் மட்டும் இருபத்திரண்டு. கடைசி வெள்ளிக்கு மட்டும் திங்கள் இல்லை. அந்தத் திங்கள்தான் அவளுக்குக் காய்ச்சல், அந்தத் திங்கள்தான் கரண்ட் போனது.

இவன் வாய் திறக்கட்டும் என்று ஒருத்தி நாலு வருஷமாகப் பதினைந்து நிமிஷம் கூடுதலாகச் செய்து கொடுத்திருக்கிறாள். இவன் அதில் காப்பி நல்லாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்! எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடலாம் போல இருந்தது. தன்னைத்தானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. நிமிர்ந்தான். சங்கமித்ரா எதிரே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதைப் படித்தான் என்று அவளுக்குத் தெரியாதா?

மெமரி டெஸ்ட்டை அணைத்து, சேமித்து, சர்வரை மறுபடி எழுப்பிவிட்டான். ஃபேன்கள் அலறின. கோதண்டராமன் போனை முடித்துக்கொண்டு ஸ்டாப்வாட்சைத் தட்டியபடி வந்தார்.

"காரணம் கிடைச்சுதா?"

"கெடச்சிடுச்சி சார். மெமரி டெஸ்ட் முழுசா ஆன்ல இருந்துச்சி. ஆஃப் பண்ணிட்டேன். இனிமே ஏழு நிமிஷம்."

"யாரு ஆன் பண்ணது?"

ரெமிஜியஸுக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் அவள் வேலைக்கு ஆபத்து.

"நான்தான் சார்," என்றாள் சங்கமித்ரா.

கோதண்டராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா? ஏம்மா, நாப்பது கடை அன்னைக்கி மூடாத குறையா நின்னுதே! மேனுவல் படிச்ச பொண்ணு நீ! எதுக்கும்மா பண்ணே?"

"தப்புதான் சார்."

"தப்புன்னு தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எப்படிச் சொல்வாள்? ஃபேன் சத்தம் அடங்கி, திரை கறுத்துக் கிடந்தது. அப்போதுதான், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, ரெமிஜியஸ் பட்டென்று வாயைத் திறந்தான்.

"எங்கூடப் பேசறதுக்கு சார்."

"என்னது?"

"ஏழு நிமிஷத்துல நாங்க பேசி முடிக்க முடியல சார். அதான் இருபத்திரெண்டு. தப்புல பாதி என்னுது. மொத சனிக்கெழமையே எனக்குச் சந்தேகம் வந்துச்சி, நான் உள்ள போயிப் பாக்கல. பாத்தா சரி பண்ணணும் சார். சரி பண்ணா சீக்கிரம் எழுந்துடும், நான் வீட்டுக்குப் போவணும். எனக்குப் போவப் புடிக்கல." இவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை, அவனே கேட்டதில்லை. அப்படியே அவள் பக்கம் திரும்பினான். "சங்கமித்ரா, நாலு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். என்னக் கட்டிக்கிறீங்களா?"

கோதண்டராமன் இவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். சங்கமித்ராவின் முகம் சிவந்துபோய், கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அது கோபமா வேறு ஏதாவதா என்று ரெமிஜியஸால் படிக்க முடியவில்லை. மூன்று பேரும் கறுத்த திரைக்கு முன்னால் நின்றார்கள். ஆறு நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடியில் லாகின் வந்தது.

கையோடு முதலாளியிடமிருந்து போனும் வந்தது. "ஆய்த்து சார், ஏளு நிமிஷ அஷ்டே," என்று, முடிந்தது, ஏழே நிமிஷந்தான் என்பதைக் கோதண்டராமன் கன்னடத்தில் சொன்னார். காரணம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "செட்டிங் மிஸ்டேக் சார். சரி மாடித்தீவி," சரிசெய்துவிட்டோம் என்றார். கிளவுட் பேச்சு அதோடு நின்றது. போனை வைத்துவிட்டு, "சங்கமித்ரா, திங்கட்கிழமை ஒனக்கு மெமோ வரும், பேசாம வாங்கிக்கோ. பாஸ்வேர்ட் இனிமே எங்கிட்டதான்," என்றார். அப்புறம் ரெமிஜியஸைப் பார்த்து விரலை ஆட்டினார். "நீ கேட்டதுக்கு அந்தப் பொண்ணுதான் பதில் சொல்லணும். ஆனா எங்க ஆபீஸ்ல வேண்டாம். வெளில போயிக் கேட்டுக்கோ." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்பது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

வேலை முடிய ஐந்து மணி ஆயிற்று. ஒவ்வொரு கடைக்கும் போன் செய்து பில் போகிறதா என்று சங்கமித்ரா விசாரித்தாள். வாசலுக்கு வந்ததும், "ஆட்டோ ஒண்ணு புடிங்க, ரயிலுக்கு நேரமாச்சி," என்றாள். பையப்பனஹள்ளி ஸ்டேஷன் வரை ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ரெமிஜியஸ் தவித்துப்போனான். மேனேஜர் முன்னாடியா கேட்பது, மடையா? அவளுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்? இருபத்தெட்டு வயதில் யோசித்தே கெடுத்தாய், நாற்பத்து மூன்றில் யோசிக்காமல் கெடுத்தாயா?

ஸ்டேஷனில் அவள் நேரே டிக்கெட் கவுண்டர் வரிசையில் போய் நின்றாள். சீசன் பாஸ் வைத்திருப்பவள் எதற்கு வரிசையில் நிற்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு டிக்கெட்டை அவன் கையில் வைத்தாள். மாரிகுப்பம், அதாவது கேஜிஎஃப்பில் அவள் இறங்கும் ஸ்டேஷன்; ஒருவர், ஒரு வழி.

"இது எதுக்குங்க?"

"எங்கிட்ட கேட்டா ஆச்சா? எங்கப்பாகிட்ட வந்து நீங்கதானே கேக்கணும்? அதையும் நானே ஆன் பண்ணி வெக்கணுமா?"

ரெமிஜியஸ் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நீங்க புத்த விகாரைக்குப் போறவங்க. நான் கோயில்ல பாடறவன். அப்பா ஒத்துப்பாரா?"

"மொதல்ல ஒங்க கொரலக் கேக்கட்டும். ரெண்டு எடத்துலயும் விசேஷத்துக்குச் சோறு போடறாங்க இல்ல, அப்புறம் இன்னா? நான் ஒத்துக்கிட்டேன். அது போதும், ஏறுங்க."

"ஒரு வழி டிக்கெட்டாக்கீதே?"

"திரும்பி வர்றதுக்கு நீங்களே எடுத்துக்குங்க. எல்லாத்தையும் நான் எடுப்பனா?"

ரயில் வந்தது. ஏறியதும் பவுலினுக்குப் போன் செய்து, "நான் இன்னிக்கி வீட்டுக்கு வர லேட்டாவும், கேஜிஎஃப் போறேன்," என்று மட்டும் சொன்னான். மறுமுனையில் பவுலின் போட்ட கூச்சலில் எதிர்சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சங்கமித்ராவுக்கு ஜன்னல் சீட், அவனுக்குப் பக்கத்தில். மாரிகுப்பம் போக இரண்டரை மணி நேரம் இருந்தது. பேச நேரம் போதாது என்று நாலு வருஷமாகத் திருட்டுத்தனம் செய்த இரண்டு பேரும் ஒயிட்ஃபீல்டு தாண்டி, தேவனகொந்தி தாண்டி, மாலூர் வரைக்கும் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மாலூரில் பாதிக் கூட்டம் இறங்கியதும் ரெமிஜியஸ் அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கு ரொம்ப சந்தோஷமாக்கீது," என்றான்.

"எனக்கும்," என்றாள் சங்கமித்ரா. "ஆனா இதச் சொல்றதுக்கு மாலூர் வரைக்குமா?"